செத்தவர் திரும்பி வந்தால் கதை பொய்யா? சூப்பர்ஹீரோ காமிக்ஸில் எது நிலைக்கும், எது கலையும்

"சூப்பர்ஹீரோ காமிக்ஸில் யாரும் சாவதில்லை. செத்தாலும் அடுத்த வருஷமே எழுந்து வந்துவிடுவார்கள். அதனால் அங்கே எது நடந்தாலும் ஒரு பொருட்டே இல்லை." இந்தப் பேச்சைக் கேட்காத காமிக்ஸ் வாசகர் இருக்க முடியாது. செத்தவர்கள் திரும்பி வருவது பெரும்பாலும் உண்மை. ஆனால் அதிலிருந்து "எதுவும் பொருட்டில்லை" என்ற முடிவுக்குப் போவதுதான் இடறுகிறது. மரணம் கலைந்துபோன கதைகளிலிருந்தே இருபது, முப்பது வருஷம் நீடித்த விளைவுகள் பிறந்திருக்கின்றன. எது கலையும், எது நிலைக்கும் என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. மார்வெல், டிசி என்ற இரண்டு அமெரிக்க நிறுவனங்களின் கதைகளை வைத்து அதைப் பார்க்கலாம்.

மூன்று புகார்கள், ஒரே பெயர்

"லாஜிக்கே இல்லை" என்று ஒருவர் சொன்னால், மூன்று வேறு புகார்களில் எதைச் சொல்கிறார் என்று முதலில் பிரித்துக்கொள்ள வேண்டும்.

ஒரு கதைக்குள் காரணமும் விளைவும் பொருந்துவது கதைத் தர்க்கம். மனிதன் பறப்பதால் இது கெடாது. இந்த ஆள் பறப்பான் என்பது அந்த உலகத்தின் விதி. போன அத்தியாயத்தில் பறந்தவன் இந்த அத்தியாயத்தில் காரணமே இல்லாமல் மாடிப்படி ஏறி மூச்சு வாங்கினால்தான் கெடும்.

இந்த இதழில் சொன்னது பழைய இதழ்களில் சொன்னதோடு ஒத்துப்போவதைத் தொடர்ச்சி என்கிறோம். ரசிகர்கள் கன்டினியூட்டி என்றே சொல்வார்கள். ஒரே நாயகனைப் பல எழுத்தாளர்கள் பல தலைப்புகளில் ஒரே மாதத்தில் எழுதுவதால் இதைக் கட்டிக் காப்பது பெரும்பாடு. 1960களில் மார்வெல் இதிலும் ஒரு விளையாட்டைக் கண்டுபிடித்தது. பிழையைச் சுட்டிக்காட்டி, அது ஏன் பிழையே இல்லை என்று சாமர்த்தியமாக விளக்கம் எழுதும் வாசகருக்கு 'நோ-பிரைஸ்' என்ற பரிசு. தபாலில் வருவது வெறும் உறைதான், உள்ளே ஒன்றும் இருக்காது.

மூன்றாவது விளைவு. நடந்த ஒன்று பிந்தைய கதைகளிலும் அழியாமல் நிற்பது. "செத்தவன் திரும்பி வந்துவிட்டான்" என்பது இந்த மூன்றாம் வகைப் புகார். இதைப் பெரும்பாலும் தர்க்கப் பிழையாக நினைத்துத் திட்டுகிறார்கள். ஒரு மரணம் கதைக்குள் கச்சிதமான தர்க்கத்தோடு நடந்துவிட்டு, பத்து வருஷம் கழித்துக் கலைக்கப்படலாம். இரண்டும் தனித்தனி விஷயங்கள்.

கழுத்தருகே நாலு எழுத்து

தர்க்கமும் விளைவும் ஒரே பக்கத்தில் இறுகப் பிணைந்த இடம் ஒன்று உண்டு. 1973 ஜூன் தேதியிட்ட 'அமேசிங் ஸ்பைடர்மேன்' 121ஆம் இதழ். எழுத்து ஜெர்ரி கான்வே, ஓவியம் கில் கேன். ஸ்பைடர்மேனான பீட்டர் பார்க்கரின் காதலி குவென் ஸ்டேசியைப் பாலத்தின் உச்சியிலிருந்து கிரீன் காப்ளின் என்ற வில்லன் தள்ளிவிடுகிறான். ஸ்பைடர்மேன் வலையை வீசுகிறான். வலை அவள் காலைப் பற்றுகிறது. அந்தக் கட்டத்தில் அவள் கழுத்துக்குப் பக்கத்தில் 'ஸ்னாப்' என்று ஒரு சின்ன ஒலிக்குறிப்பு. ஆங்கிலத்தில் நாலே எழுத்து. மேலே இழுத்துப் பார்த்தால் உயிர் இல்லை.

விழுந்ததாலேயே செத்துவிட்டாள் என்று காப்ளின் சொல்கிறான். ஆனால் வாசகர் கடிதப் பகுதியில், வலை சட்டென்று நிறுத்திய அதிர்ச்சிதான் கொன்றது என்று பிறகு ஆசிரியர் குழு ஒப்புக்கொண்டது. கணக்கும் அதையே சொல்கிறது. சுமார் 90 மீட்டர் விழுந்தால் வேகம் மணிக்கு 150 கிலோமீட்டரைத் தொடும். அரை நொடியில் அதை நிறுத்தினால் உடல்மேல் புவியீர்ப்பைப் போல எட்டு, ஒன்பது மடங்கு விசை. தலைகீழாகத் தொங்கும் உடலில் கழுத்து அதைத் தாங்காது. (அந்தப் பாலத்தின் பெயரில் ஒரு சுவையான குழப்பம்: வசனம் ஜார்ஜ் வாஷிங்டன் பாலம் என்கிறது, படம் புரூக்லின் பாலத்தைப் போல இருக்கிறது. தொடர்ச்சியைத் தேடி அலையாதீர்கள், ஒரே பக்கத்துக்குள்ளேயே கிடையாது.)

அதுவரை விழுகிறவரை நாயகன் பிடித்தால் பிழைத்தார் என்பது காமிக்ஸின் எழுதாத விதி. அந்தக் கட்டம் இயற்பியலை மதித்து, விதியை உடைத்தது. பின்னாளில் வந்த சில கதைகளில், விழுகிறவரோடு ஸ்பைடர்மேனும் குதித்து, வேகத்தைப் படிப்படியாகக் குறைத்துக் காப்பாற்றுவதாகக் காட்டினார்கள். ஒரு மரணம் நாயகன் வேலை செய்யும் முறையையே மாற்றியது. நிலைத்த விளைவு என்றால் இதுதான். நகலாக, வேறு உலகத்து ஆளாக, தற்காலிகமாக என்று குவென் பலமுறை தலைகாட்டியிருக்கிறாள். ஆனால் 2023இல் அந்த இதழுக்கு ஐம்பது வயதானபோதும் அசல் குவென் இறந்தவளாகவே இருந்தாள்.

அவளைக் கொன்ற காப்ளினோ அடுத்த இதழிலேயே செத்து, 1996இல் உயிரோடு திரும்பிவிட்டான். ஒரே கதையில் இரண்டு மரணங்கள். ஒன்று நின்றது, ஒன்று கலைந்தது. ஏன்?

எழுத்தாளர் வாடகைக்கு இருப்பவர்

ஜெர்ரி சீகலும் ஜோ ஷஸ்டரும் 1938இல் சூப்பர்மேனின் உரிமையை 130 டாலருக்கு விற்றார்கள். அன்றிலிருந்து இந்தத் துறையில் பெரும்பாலும் அதே ஏற்பாடுதான். பாத்திரம் நிறுவனத்தின் சொத்து. எழுத்தாளர் சில மாதமோ சில வருஷமோ அதை எழுதிவிட்டுப் போகிறவர்.

வாடகை வீட்டை நினைத்துக்கொண்டால் இது எளிதில் விளங்கும். குடியிருப்பவர் ஆணி அடிக்கலாம், சுவருக்கு நிறம் மாற்றலாம், வீட்டுக்காரர் ஒத்துக்கொண்டால் ஒரு தடுப்புச் சுவர்கூட எழுப்பலாம். காலி செய்யும்போது அடுத்தவர் குடிவரும் நிலையில் வீடு இருக்க வேண்டும். அடுத்து வருகிறவர் வெள்ளையடித்துத் தன் விருப்பப்படி மாற்றிக்கொள்வார். யாராலும் கைவைக்க முடியாதது வீட்டைத் தாங்கி நிற்கும் சுவர் மட்டுமே.

காமிக்ஸிலும் தாங்கு சுவர்கள் உண்டு. 1962இல் ஸ்பைடர்மேன் அறிமுகமான கதையிலேயே செத்துப்போன பென் சித்தப்பா திரும்பி வரமாட்டார். பேட்மேனின் பெற்றோரும் வரமாட்டார்கள். அந்த மரணங்கள் இல்லையென்றால் அந்த நாயகர்களே இல்லை. மறுபக்கம், சூப்பர்மேனை நிரந்தரமாகச் சாகடிப்பது என்பது வீட்டையே இடிப்பது. இதழ், பொம்மை, படம், டிவி தொடர் என்று அந்தப் பெயரில் ஓடும் வியாபாரம் அதற்கு இடம் கொடுக்காது. முதன்மை நாயகனுக்கு எது நடந்தாலும் அவன் பழைய நிலைக்கு இழுக்கப்படுவதன் காரணம், எழுத்தாளரின் சோம்பேறித்தனத்தைவிட இந்த உரிமை ஏற்பாடுதான்.

குவென் இரண்டுக்கும் நடுவில் இருந்தாள். அவள் பெயரில் தனி இதழ் எதுவும் அப்போது இல்லை. அவள் மரணம் பீட்டரின் குற்றவுணர்ச்சிக்குப் புதிய தாங்கு சுவராகவே மாறியது. காப்ளினுக்கு அப்படி இல்லை. நல்ல வில்லன் உயிரோடு இருந்தால் வருஷத்துக்கு ஒரு கதை கிடைக்கும்.

சுருக்கமாக: ஒரு மாற்றம் நிலைக்குமா என்பதை அந்தச் சம்பவம் எவ்வளவு பெரியது என்பது தீர்மானிப்பதில்லை. அதைக் கலைப்பதால் யாருக்கு என்ன லாபம் என்பதே தீர்மானிக்கிறது.

நகரும் காலக்கோடு

1962இல் பள்ளி மாணவனாக இருந்த பீட்டர் இன்றும் முப்பதைத் தொடாதவன் போலவே திரிகிறான். நகரும் காலக்கோடு என்ற ஏற்பாட்டின் வேலை இது. கதை உலகின் தொடக்கம் எந்த வருஷத்திலும் நிலையாக இருக்காது. "இன்றைக்குச் சுமார் பதினைந்து வருஷத்துக்கு முன்னால்" என்ற இடத்திலேயே எப்போதும் நகர்ந்துகொண்டிருக்கும். நாலு வருஷ இதழ்களுக்குக் கதையில் ஒரு வருஷம் என்பது ரசிகர்கள் வைத்துக்கொள்ளும் தோராயக் கணக்கு.

உண்மையான வரலாற்றில் கால் ஊன்றிய பாத்திரங்களிடம் இது சிக்குகிறது. 1963இல் டோனி ஸ்டார்க் வியட்நாமில் காயம்பட்டு அயர்ன்மேன் ஆனார். அதை அப்படியே வைத்தால் இப்போது அவருக்கு எண்பது, தொண்ணூறு வயது இருக்க வேண்டும். அதனால் போர்க்களம் பிறகு ஆப்கானிஸ்தானுக்கு மாறியது. ஐந்து, பத்து வருஷத்துக்கு ஒருமுறை போரை மாற்றிக்கொண்டே இருக்க முடியாதே! 2019இல் மார்வெல் சியான்காங் என்ற கற்பனை நாட்டில் ஒரு கற்பனைப் போரை வைத்து, பழைய வரலாற்றையெல்லாம் அதற்குள் தள்ளிவிட்டது. கற்பனைப் போருக்குத் தேதி கிடையாது, வேண்டிய இடத்துக்கு நகர்த்திக்கொள்ளலாம்.

எக்ஸ்-மென் கதைகளின் வில்லன் மேக்னீட்டோ ஆஷ்விட்ஸ் வதைமுகாமில் தப்பியவர் என்ற பின்னணியை இப்படி நகர்த்த முடியாது. அங்கே கைகொடுத்தது ஒரு பழைய கோமாளித்தனம். 1974இல் ஒரு கதையில் அவரைக் கைக்குழந்தையாக்கிவிட்டு, 1977இல் இளமை வயதுக்கு வளர்த்திருந்தார்கள். வதைமுகாம் பின்னணி வந்தது அதற்கும் பிறகுதான். என்றாலும் அவர் ஏன் இன்னும் முறுக்காக இருக்கிறார் என்பதற்கு அதுவே விடையாகிவிட்டது.

இந்தத் தலைவலியே இல்லாமல் தப்பிய நாயகரைத் தமிழ் வாசகர்களுக்குத் தெரியும்: முத்து காமிக்ஸில் வேதாளராகவும், ராணி காமிக்ஸில் முகமூடி வீரர் மாயாவியாகவும் வந்த பேண்டம். 1936இலேயே லீ ஃபாக் அவரைத் தந்தைக்குப் பின் மகன் என்று வரும் 21ஆம் தலைமுறையாகப் படைத்துவிட்டார். சாவு அங்கே பிரச்சினையே இல்லை. முகமூடி மட்டும் சாகாது.

ரெட்கான்: கடந்த காலத்தில் கைவைப்பது

பழைய கதையில் நடந்ததைப் புதிய கதை மாற்றியோ, கூட்டியோ, அழித்தோ சொல்வதற்கு ரெட்கான் என்று பெயர். 1983இல் 'ஆல்-ஸ்டார் ஸ்குவாட்ரன்' இதழின் வாசகர் பகுதியில் புழங்கிய "முன்தேதியிட்ட தொடர்ச்சி" என்ற பொருள் தரும் ஆங்கிலத் தொடரின் சுருக்கம் இது. திட்டுச் சொல்லாகப் பயன்படுத்துகிறார்கள், ஆனால் எல்லா ரெட்கானும் ஒரே தரம் இல்லை.

கூட்டும் ரெட்கான் பழைய இதழில் காட்டப்படாத இடத்தில் புது விஷயத்தை நுழைக்கும். கேப்டன் அமெரிக்காவின் தோழன் பக்கி இரண்டாம் உலகப்போரின் கடைசியில் வெடிவிபத்தில் செத்ததாக 1964இல் சொன்னார்கள். உடலைக் காட்டவில்லை. 2005இல் எட் புரூபேக்கர் அந்த இடைவெளியைப் பிடித்து, சோவியத் கையில் சிக்கி விண்டர் சோல்ஜர் என்ற கொலையாளியாக்கப்பட்டவனாகப் பக்கியைக் கொண்டுவந்தார். பழைய கதையின் ஒரு வரியும் பொய்யாகவில்லை. பக்கியின் மரணத்துக்காகக் கேப்டன் பட்ட துயரம் இன்னும் கனமானது.

மாற்றும் ரெட்கானுக்கு எக்ஸ்-மென் குழுவின் ஜீன் கிரே உதாரணம். 1980இல் அவள் டார்க் ஃபீனிக்ஸாக மாறி ஒரு கிரகத்தையே அழிக்கிறாள், கோடிக்கணக்கில் சாவு. சக்தியை இழந்து அவள் பிழைத்துக்கொள்வதாகத்தான் எழுத்தாளர் கிளேர்மான்ட்டும் ஓவியர் பைர்னும் முதலில் முடித்திருந்தார்கள். இத்தனை பேரைக் கொன்றவள் தண்டனை இல்லாமல் போகக் கூடாது என்று தலைமை ஆசிரியர் ஜிம் ஷூட்டர் மறுத்தார். கடைசிப் பக்கங்களை மாற்றி வரைந்தார்கள், ஜீன் உயிரை விட்டாள். 1986இல் புதிய இதழ் ஒன்றுக்கு அவள் தேவைப்பட்டாள். வந்த விளக்கம்: கிரகத்தை அழித்தது ஜீனே இல்லை, அவள் உருவத்தை எடுத்துக்கொண்ட ஓர் அண்டசக்தி; அசல் ஜீன் ஜமைக்கா விரிகுடாவின் அடியில் ஒரு கூட்டுக்குள் தூங்கிக்கொண்டிருந்தாள். தொடர்ச்சி காப்பாற்றப்பட்டது. ஆனால் குற்றம் செய்தவளும் தண்டனை பெற்றவளும் வேறு யாரோ என்றாகி, பழைய கதையின் உயிர் போனது.

அழிக்கும் ரெட்கான் மிக மோசமாக வெறுக்கப்படுவது. 2007இல் மே அத்தையின் உயிரைக் காப்பாற்ற பீட்டரும் மேரி ஜேனும் மெஃபிஸ்டோ என்ற சாத்தானிடம் தங்கள் திருமணத்தையே கொடுத்துவிடுகிறார்கள். 1987இல் நடந்த திருமணம் உலகத்தின் நினைவிலிருந்தே போனது. கல்யாணமான ஸ்பைடர்மேனுக்கு வயசான தோற்றம் வந்துவிடுகிறது என்பது நிர்வாகத்தின் கவலை. வீட்டுக்காரர் தாங்கு சுவர் எது என்று முடிவு செய்தார், அவ்வளவுதான். பெரியவர் ஒருவர் தன் அத்தைக்காகச் சாத்தானோடு ஒப்பந்தம் போடுவது இருபது வருஷம் பார்த்த அந்தப் பாத்திரத்துக்குப் பொருந்தவில்லை என்பது வாசகர்களின் கோபம். என் கணக்கில் வாசகர்கள் பக்கமே நியாயம்.

சுருக்கமாக: பழைய கதை இன்னும் அர்த்தத்தோடு படிக்கக் கிடைக்கிறதா என்று கேட்டால் ரெட்கானின் தரம் தெரிந்துவிடும்.

சூப்பர்மேன் செத்தார், செத்தது கோஸ்ட் சிட்டி

"எதுவும் பொருட்டில்லை" என்பவர்கள் முதலில் எடுத்துக் காட்டுவது 1992 நவம்பரில் கடைக்கு வந்த 'சூப்பர்மேன்' 75ஆம் இதழ். டூம்ஸ்டே என்ற அரக்கனோடு மோதிச் சூப்பர்மேன் சாகிறார். கறுப்பு உறையில் போட்டு, லட்சக்கணக்கில் விற்றார்கள். ஒரு வருஷம் முடிவதற்குள் அவர் திரும்பிவிட்டார். ஏமாற்று வேலை என்று அன்றே பலர் எழுதினார்கள்.

அந்த ஒரு வருஷத்துக்குள் வேறு என்ன நடந்தது என்று பாருங்கள். அவர் இல்லாத நேரத்தில் நாலு பேர் அந்த இடத்துக்கு வந்தார்கள். அவர்களில் ஸ்டீலும் சூப்பர்பாயும் அதன்பிறகும் பல வருஷம் நிலைத்தார்கள். இன்னொருவனான சைபார்க் சூப்பர்மேன், மோங்குல் என்ற வில்லனோடு சேர்ந்து கோஸ்ட் சிட்டி என்ற நகரத்தை அடியோடு அழித்தான். 70 லட்சம் பேர் சாவு. அது, சக்தி மோதிரம் அணிந்த நாயகனான கிரீன் லான்டர்ன் ஹால் ஜோர்டானின் சொந்த ஊர்.

சூப்பர்மேன் எழுந்து வந்தார், அந்த ஊர் மக்கள் எழவில்லை. 1994இல் 'கிரீன் லான்டர்ன்' 48 முதல் 50 வரையான இதழ்களில், தன் ஊரை மீட்க முடியாமல் ஜோர்டான் நிலைகுலைந்து, சக தோழர்களின் மோதிரங்களைப் பிடுங்கி, பாராலக்ஸ் என்ற வில்லனாகிறான். அந்த மோதிரம் கைல் ரேனர் என்ற இளைஞனிடம் போகிறது. பத்து வருஷம் கிரீன் லான்டர்ன் என்றால் கைல்தான்.

2004இல் ஜெஃப் ஜான்ஸ் ஜோர்டானைத் திருப்பிக் கொண்டுவந்த விதம், மாற்றும் ரெட்கானிலேயே நேர்த்தியான ஒன்று. கிரீன் லான்டர்ன் மோதிரம் மஞ்சள் நிறத்தின்மேல் வேலை செய்யாது என்பது ஆரம்ப நாட்களிலிருந்தே இருந்த ஒரு பைத்தியக்கார விதி. வாசகர்கள் கேலி செய்தது. ஜான்ஸ் சொன்னது: பாராலக்ஸ் என்பது பயத்தின் மஞ்சள் உரு. அது மோதிரங்களுக்குச் சக்தி தரும் மூல விளக்குக்குள் சிறைப்பட்டிருந்தது, அதனால்தான் மஞ்சளிடம் பலவீனம். துயரத்தில் பயம் புகுந்த நேரத்தில் அது ஜோர்டானைப் பிடித்தது. ஒரே விளக்கத்தில் பழைய தர்க்க ஓட்டையும் அடைபட்டது, நாயகனும் மீண்டான். அதிலிருந்து ஒவ்வொரு உணர்ச்சிக்கும் ஒரு நிறம், ஒரு படை என்று விரிந்து, 2009இன் 'பிளாக்கஸ்ட் நைட்' வரை கதைகள் ஓடின.

ஆக, தலைப்பில் போட்ட மரணம் ஒரு வருஷத்தில் கலைந்தது. ஓரத்தில் நடந்த சாவு பதினைந்து வருஷத்துக்கு மேல் கதைகளை ஓட்டியது.

ரீபூட்: எல்லாவற்றையும் துடைப்பது

ரெட்கான் ஒட்டுப்போடும். ரீபூட் முழுத் தொடர்ச்சியையும் முதலிலிருந்து தொடங்கும். டிசி 1985-86இல் பன்னிரண்டு இதழ்களில் பல உலகங்களை ஒன்றாக்கியது. 2011 செப்டம்பரில் 52 தலைப்புகளை முதல் இதழிலிருந்து மறுபடி தொடங்கியது. மார்வெல் தன் முதன்மை உலகத்தை அப்படி முழுசாகத் துடைத்ததில்லை.

2011இல் எங்கே இடித்தது என்றால், பாதிதான் துடைத்தார்கள். நன்றாக விற்றுக்கொண்டிருந்த பேட்மேன், கிரீன் லான்டர்ன் கதைகளை அப்படியே விட்டுவிட்டு, சூப்பர்ஹீரோக்கள் வெளிப்பட்டே ஐந்து வருஷம்தான் என்று அறிவித்தார்கள். அந்த ஐந்து வருஷத்துக்குள் பேட்மேனுக்கு ராபின் என்ற பெயரில் நாலு துணைவர்கள், அதில் ஒருவன் பத்து வயதான சொந்த மகன். கணக்கு எப்படிப் போட்டாலும் உதைக்கும்.

கலைந்தது பேட்கேர்ளாக இருந்த பார்பரா கார்டனின் கதையும்தான். 1988இல் ஜோக்கர் சுட்டு இடுப்புக்குக் கீழே செயலிழந்தவள், அடுத்த வருஷமே ஜான் ஆஸ்ட்ரண்டரும் கிம் யேலும் எழுதிய கதையில் ஆரக்கிள் என்ற பெயரில் தகவல் நிபுணராக மீண்டாள். சக்கர நாற்காலியிலிருந்தே மற்ற நாயகர்களை வழிநடத்தினாள். இருபது வருஷத்துக்கு மேல் நின்ற விளைவு அது. 2011இல் அவளை நடக்கவைத்து மறுபடி பேட்கேர்ள் ஆக்கினார்கள். சிலருக்குப் பழைய பேட்கேர்ள் திரும்பிய சந்தோஷம். ஊனமுற்ற நாயகர்களே அரிதான இடத்தில் இருந்த ஒருத்தியும் போனாளே என்று சிலருக்கு வருத்தம்.

புதிதாகப் படிக்க வருகிறவர் பார்க்க வேண்டியவை

அட்டையில் "இனி எதுவும் பழையபடி இருக்காது" என்று போட்டிருந்தால், சாகப்போகிறவர் பெயரில் தனி இதழ் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் திரும்பிவிடுவார். வெளியீட்டாளர்கள் இரண்டு, மூன்று மாதம் முன்னதாகவே வரப்போகும் இதழ்களின் பட்டியலை வெளியிடுவதால், சிலசமயம் அதிலேயே குட்டு உடைந்துவிடும். அவர் நடுவில் நிற்கும் திரைப்படம் வரப்போகிறது என்றால் இன்னும் சீக்கிரம் வருவார். அதன்பிறகு கண்ணை ஓரத்துக்குத் திருப்புங்கள்: எந்த ஊர் அழிந்தது, புதிதாக யார் அறிமுகமானார், யாருடைய ரகசியம் வெளியானது. நிலைக்கும் விளைவு அநேகமாக அங்கேதான் கிடக்கும்.

திரும்பி வருகிறவர் பழைய ஆளாகவே வருகிறாரா என்பதும் முக்கியம். இரண்டாம் ராபினான ஜேசன் டாட் சாக வேண்டுமா என்று 1988இல் தொலைபேசி வாக்கெடுப்பு வைத்தார்கள். சாகட்டும் என்று 5,343 பேர், பிழைக்கட்டும் என்று 5,271 பேர். 72 வாக்கில் செத்தான். 2005இல் திரும்பியதற்குச் சொன்ன காரணம் மகா அபத்தம்: வேறு உலகத்துச் சூப்பர்பாய் ஒருவன் யதார்த்தத்தின் சுவரைக் குத்தியதில் உயிர் வந்ததாம். ஆனால் வந்தவன் ராபின் இல்லை. "என்னைக் கொன்ற ஜோக்கரை ஏன் இன்னும் உயிரோடு விட்டுவைத்திருக்கிறாய்?" என்று பேட்மேனைக் கேட்கும் ரெட் ஹூட். காரணம் ஓட்டை, விளைவு பொன்.

கலையாத விளைவு மட்டும்தான் வேண்டும் என்பவர்களுக்கு, படைத்தவரே உரிமையை வைத்திருக்கும் தொடர்கள் இருக்கின்றன. ராபர்ட் கிர்க்மனின் 'இன்வின்சிபிள்' 2003இல் தொடங்கி 144 இதழ்களில் 2018இல் முடிந்தது. எரிக் லார்சன் 1992 முதல் எழுதி வரைந்துவரும் 'சாவேஜ் டிராகன்' உண்மையான காலத்தோடு நகர்கிறது. அங்கே குழந்தைகள் வளர்கிறார்கள், நாயகனுக்கு வயதாகிறது, அவன் இடத்துக்கு மகன் வந்தும்விட்டான்.